கிளை இறக்கும் கயிறு படுத்துகிறதா? அறிகுறியை வைத்துச் சரிசெய்வது

கயிறு அறுந்தால் நம் ஊரில் ஒரே வைத்தியம்தான், ஹார்டுவேர் கடைக்குப் போய் "இதைவிடத் தடியா ஒண்ணு குடுங்கண்ணே" என்பது. கிளை ஓட்டில் இடித்தாலும் அதே, முடிச்சு நழுவினாலும் அதே, கை எரிந்தாலும் அதே. ஆனால் இந்தக் கோளாறுகளில் தடிமன் காரணமாக இருப்பது ரொம்பக் குறைவு. நார் எது, முறுக்குக் கயிறா பின்னல் கயிறா, எங்கே வளைந்தது, எவ்வளவு தூரம் விழுந்த பிறகு பிடித்தது என்று பார்த்தால் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். அதனால் கயிறு என்ன செய்தது என்பதிலிருந்து தொடங்கி எழுதியிருக்கிறேன்.

இங்கே பேசுவது சின்ன எடைகளைப் பற்றி மட்டும்: வீட்டோரம் நீட்டிக்கொண்டிருக்கும் வேப்பங்கிளை, கூரைக்கு மேலே சாய்ந்த பூவரசுக் கொம்பு, காய்ந்த மட்டை, இளநீர்க் குலை. குலையை மட்டைக்கு மேல் கயிறு போட்டு இறக்குவதை டெல்டாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, மற்றதெல்லாம் அதே வேலைதான், எடை மட்டும் கூடுகிறது. ஒரு துண்டு 40, 50 கிலோவுக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் ஆளும் கருவியும் வேறு. மரம் ஏறுகிறவர் தன் உயிருக்குக் கட்டியிருக்கும் கயிறும் இதில் சேராது. அந்தக் கயிற்றில் கிளை இறக்கக் கூடாது, கிளை இறக்கிய கயிற்றில் ஆள் தொங்கக் கூடாது.

50 கிலோ என்று எப்படித் தெரியும்? பச்சை மரத்தைத் தண்ணீர் எடைக்குச் சமமாக வைத்துக் கணக்குப் போடுங்கள், புளி, கருவேலம் போன்றவற்றுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். விட்டத்தைச் செ.மீ.யில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, வருவதை 0.08 ஆல் பெருக்கினால் ஒரு மீட்டர் நீளத்துக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 20 செ.மீ. கொம்பு மீட்டருக்கு 32 கிலோ, 30 செ.மீ. என்றால் 72 கிலோ. விட்டம் ஒன்றரை மடங்கு ஆனதற்கே எடை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது பாருங்கள், கண்ணால் பார்த்து எடை சொல்கிறவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். இலை, சிறுகொப்பு எடை தனி.

முதலில், கையில் இருப்பது என்ன கயிறு?

கடையில் எல்லாமே "நைலான்" தான். நீலம், பச்சை, மஞ்சள், எது கேட்டாலும் நைலான் என்று சொல்லி எடை போட்டுக் கொடுப்பார்கள். அதில் பாதிக்கு மேல் நைலானே இல்லை, பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். கிலோ கணக்கில் விற்பதால் லேசான கயிறு அதிக மீட்டர் வரும், மலிவாகத் தெரியும். கண்டுபிடிப்பது சுலபம். ஒரு சாண் துண்டை வெட்டி, நார்களைப் பிரித்து, காற்றுக் குமிழி போக நன்றாகக் கசக்கித் தண்ணீர் வாளிக்குள் அமுக்கி விடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். மூழ்கினால் நைலான் அல்லது பாலியெஸ்டர். மூழ்கியதைத் திறந்த வெளியில் தீக்குச்சியில் காட்டுங்கள். பாலியெஸ்டர் கரும்புகை விட்டு எரியும், வாடை கொஞ்சம் இனிப்பாக இருக்கும். நைலான் வெளுத்த புகைதான் விடும், உருகிய முனை பழுப்பாகக் கெட்டிப்படும். மிதந்த வகைகள் மெழுகுவத்தி அணைத்த வாடை அடிக்கும். மணிலாவும் தேங்காய் நாரும் உருகாமல் சாம்பலாகும், அவற்றுக்குச் சோதனையே வேண்டாம், பார்த்தாலே தெரியும்.

இதைச் செய்யாமல் கீழே இருப்பதைப் படித்துப் பயனில்லை.

கிளை ரப்பரில் தொங்குவது போல இறங்கி, ஓட்டில் இடிக்கிறது

அசல் நைலான் வாங்கியவர்களுக்கு வரும் தொல்லை இது. நைலான் நன்றாக நீளும். அதனாலேயே படகு கட்டவும் வண்டி இழுக்கவும் நல்லது. ஓட்டுக்கு ஒரு முழம் மேலே நிற்க வேண்டிய கிளைக்கு அந்த நீட்சியே எமன். கயிறு நீளமாக இருக்க இருக்க நீட்சியும் கூடும், கீழே நிற்கிறவர் அடிமரத்திலிருந்து தள்ளி நின்று பிடித்தால் இன்னும் கொஞ்சம். இறக்கி முடித்து எடை போன பிறகு சுண்டி மேலே எகிறுவது வேறு. மழைக்காலத்தில் நைலான் தண்ணீர் குடிக்கும், பலத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் போகும், கனமும் ஏறும்.

இதற்குப் பாலியெஸ்டர்தான் சரி. நீட்சி குறைவு, நனைந்தாலும் பலம் அப்படியே, வெயிலையும் நன்றாகத் தாங்கும். 12 மி.மீ. பின்னல் பாலியெஸ்டர் ஒன்று வைத்திருந்தால் இந்த அளவு வேலைக்குப் போதும். சின்ன ஊர்க் கடைகளில் அரிதாகத்தான் கிடைக்கும், சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும், விலையும் உறைக்கும். ஆனால் ஓடு மாற்றிக் கொடுப்பதை நினைத்தால் அவ்வளவு உறைக்காது.

அதுவரை நைலானோடுதான் வேலை என்றால், துண்டுகளைச் சின்னதாக்குங்கள், கயிறு ஓடும் தூரத்தைக் குறையுங்கள், ஓட்டுக்கு நேர் மேலே இருப்பதைக் கடைசி வரை வைத்துக்கொள்ளாமல் கொம்பைப் பக்கவாட்டில் இழுக்க இன்னொரு கயிறு கட்டுங்கள்.

கயிறு அறுந்தது

அறுந்த முனையைத் தூக்கிப் போடாதீர்கள். நார்களெல்லாம் ஒரே இடத்தில் சீராக வெட்டினாற்போல் இருந்தால் வாளோ அரிவாளோ பட்டிருக்கிறது. முனை உருகிக் கட்டியாக இருந்தால் உராய்வுச் சூடு. ஒரு பக்கம் மட்டும் பஞ்சாகி மீதி நீளநீளமாகப் பிய்ந்திருந்தால் பட்டையிலோ கூரை விளிம்பிலோ உரசித் தேய்ந்தது. முடிச்சின் வாயிலேயே அறுந்திருந்தால் பாரம், அதிலும் பெரும்பாலும் திடீர்ப் பாரம்.

கடைசி வகையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், "40 கிலோக் கொம்புக்கு ரெண்டு டன் கயிறு எப்படி அறும்" என்று எல்லாரும் கேட்பது இங்கேதான். புதிய 12 மி.மீ. முப்புரிக் கயிறு, மணிலா என்றால் சுமார் 1 டன்னும், பாலிப்ரொப்பிலீன் 2 டன்னும், பாலியெஸ்டர் 2¼ டன்னும், நைலான் 3 டன்னும் தாங்கும். இதெல்லாம் மெஷினில் மாட்டி மெதுவாக இழுத்துப் பார்த்த எண்கள், அதுவும் முடிச்சில்லாமல். தேர்வடம் அப்படித்தான் இழுபடுகிறது, நூறு பேர் சேர்ந்தாலும் பாரம் படிப்படியாக ஏறும். நம் கொம்பு அப்படி வருவதில்லை. வெட்டி விட்டதும் விழுந்து, பிறகு பிடிபடுகிறது.

40 கிலோத் துண்டு ஒரு மீட்டர் விழுந்து 20 செ.மீ. நீட்சிக்குள் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றில் வரும் உச்ச இழுப்பு 480 கிலோ அளவுக்குப் போகும். முடிச்சு கயிற்றின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்னும், ஆக 2 டன் பாலிப்ரொப்பிலீன் 1300 கிலோவாகிறது. மொட்டை மாடியில் கிடந்து வெயிலில் பாதி போயிருந்தால் 650. பட்டையில் ஒரு இடத்தில் தேய்ந்தும் இருந்தால்? அவ்வளவுதான் கதை.

இங்கே 16 மி.மீ. கயிறு வாங்கினால் கயிறு தப்பிக்கலாம். ஆனால் தடித்த கயிறு குறைவாக நீளும், அதனால் உச்ச இழுப்பு கூடும். அந்த இழுப்பு கயிறு தொங்கும் கவையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக விழும், ஏனென்றால் ஒரு பக்கம் பாரம், மறுபக்கம் நீங்கள் பிடிக்கும் பிடி, இரண்டையும் கவைதான் சுமக்கிறது. கவை பிளந்து கயிறோடு சேர்ந்து வந்தால் கயிறு எத்தனை டன் என்பதால் யாருக்கு என்ன லாபம்? முருங்கையிலும் ஒதியனிலும் இப்படிக் கவையை நம்பவே நம்பாதீர்கள்.

மருந்து தூரத்தில் இருக்கிறது. கயிற்றை வெட்டுகிற இடத்துக்கு மேலே போடுங்கள், தளர்வு இல்லாமல் இழுத்து வைத்த பிறகு வெட்டச் சொல்லுங்கள், அப்போது விழுகிற தூரமே இருக்காது. வெட்டும் இடத்துக்குக் கீழேதான் போட முடியும் என்றால், கீழே பிடிக்கிறவர் படாரென்று நிறுத்தாமல் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். அதே 40 கிலோ, அதே ஒரு மீட்டர் விழுந்து, இரண்டு மீட்டர் ஓடி மெதுவாக நின்றால் சராசரி இழுப்பு 60 கிலோதான். 480-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசம் முழுக்கக் கீழே நிற்கிறவர் கையில் இருக்கிறது. அந்த வேலைக்குத்தான் நம் ஆட்கள் புதுப் பையனை நிறுத்துகிறார்கள்.

இன்னொரு கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முறிவுப் பலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தொங்கவிடாதீர்கள். 2 டன் கயிறு என்றால் 200 கிலோ, அதுவும் புதிதாக இருக்கும் வரை. சீட்டில் கிலோநியூட்டன் என்று போட்டிருந்தால் ஒன்றுக்கு சுமார் 102 கிலோ.

ஓரிடத்தில் பளபளவென்று கெட்டியாகிவிட்டது

உருகியிருக்கிறது. பாலிஎத்திலீன் 130 டிகிரி செல்சியஸ் பக்கம் உருகும், பாலிப்ரொப்பிலீன் 165 பக்கம், நைலான் 220-க்கு மேல், பாலியெஸ்டர் 250-க்கு மேல். அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, கனமான கொம்பை வேகமாக ஓடவிட்டால் முதல் இரண்டும் கண்ணெதிரே பளபளப்பாகும். அந்த இடத்தைக் கையில் வளைத்துப் பாருங்கள், குச்சி மாதிரி மடங்கினால் அங்கே வெட்டி இரண்டு கயிறாக்கிக்கொள்ளுங்கள். மேலே லேசான மினுக்கம் மட்டும் இருந்து, வளைத்தால் நார் பிரிந்து மிருதுவாக இருந்தால் தொடரலாம்.

கயிறு மேல் கயிறு ஓடினால்தான் சேதம் அதிகம், ஏனென்றால் நிற்கிற கயிறு ஒரே புள்ளியில் சூட்டை வாங்குகிறது. ஒரே கவையில் இரண்டு கயிறு போடாதீர்கள்.

சுற்று எத்தனை என்பதும் முக்கியம். அடிமரத்தில் ஒரு முழுச் சுற்று கையில் வரும் பாரத்தை ஐந்தாறு மடங்கு குறைக்கும், பட்டையையும் கயிற்றையும் பொறுத்துக் கூடக் குறைய இருக்கும். 50 கிலோ கையில் பத்துக் கிலோவாகத் தெரியும். இரண்டு சுற்றுப் போட்டால் இரண்டு கிலோ கூட வராது, சொரசொரப்பான புளியம் பட்டையில் கயிறு ஓடவே ஓடாது, நின்று நின்று குதிக்கும். சின்னத் துண்டுகளுக்கு ஒரு சுற்றே போதும். கையுறை தோலிலோ தடித்த பருத்தியிலோ இருக்கட்டும், ரப்பர் பூசியது உருகி ஒட்டிக்கொள்ளும். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கிற பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள், விரல் போகும்.

கொம்பு பம்பரமாகச் சுற்றுகிறது, கயிறு தானே முறுக்கிக் கொள்கிறது

முப்புரி முறுக்குக் கயிறின் குணம். பாரம் ஏறினால் முறுக்கு அவிழப் பார்க்கும், தொங்குவது சுற்றும், பாரம் இறங்கியதும் கயிறு வளையம் வளையமாக நெளிந்து கப்பி வாயில் அடைத்துக்கொள்ளும். ஒரு புரி மட்டும் வெளியே பிதுங்கி நிற்கிறதா? அந்த இடம் இனித் தேறாது, நீவி உள்ளே தள்ளினால் பழைய பலம் வராது.

புதுச் சுருளை வெளியிலிருந்து உருவுவதால் முக்கால்வாசி முறுக்கு ஏறுகிறது. சுருளைத் தரையில் படுக்கவைத்து உள்முனையை எடுத்து, முறுக்கு ஏறினால் சுருளைத் திருப்பிப் போட்டு எடுங்கள். அப்புறம் கையையும் முழங்கையையும் சேர்த்துச் சுற்றி வைப்பதை நிறுத்திவிட்டு, உரச் சாக்கு ஒன்றில் முனையிலிருந்து அப்படியே திணித்து வையுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், இழுத்தால் சிக்கில்லாமல் வரும். பின்னல் கயிறு வாங்கினால் இந்தத் தொல்லையே கிடையாது.

வெளி உறை நழுவிச் சுருக்கம் விழுகிறது

பழைய பாறை ஏறும் கயிறோ, கட்டட வேலைக்கான 11 மி.மீ. கயிறோ கிடைத்ததென்று கிளை இறக்கினால் இது வரும். அவற்றில் மெல்லிய உறைக்குள் கரு தனியாக ஓடுகிறது, பலம் பெரும்பாலும் கருவில். கரடுமுரடான பட்டையில் இழுத்தால் உறை மட்டும் நகர்ந்து ஒரு பக்கம் மூட்டை கட்டும், மறுபக்கம் கரு உறையில்லாமல் போகும். ஆளைத் தாங்கச் செய்த கயிறு, மரப்பட்டையில் உரசச் செய்ததல்ல. கவையில் நேராகப் போட்டு ஓட்டத் தடித்த உறையுள்ள பின்னலோ, உறையே இல்லாத முழுப் பின்னலோதான் தாங்கும். இரட்டைப் பின்னல் கயிறு நல்ல பலம், ஆனால் கப்பி வேண்டும்.

கவையில் ஓடாமல் நிற்கிறது, அல்லது கப்பியில் சிக்கிவிட்டது

கவை இறுகிய வி வடிவமாக இருந்தால் பாரம் ஏறியதும் கயிறு ஆப்பு மாதிரி அமர்ந்துவிடும். அகலமான கவையைத் தேடுங்கள், அல்லது கப்பி மாட்டுங்கள். கிணற்று ராட்டினத்தைக் கழற்றிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. சக்கரம் பெரியது, அது நல்லதுதான், ஆனால் சக்கரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி இருப்பதால் கயிறு தடம் மாறி உள்ளே மாட்டும், கொக்கியும் தண்ணீர்க் குடத்துக்குச் செய்தது, திடீர் இழுப்புக்கு அல்ல. சக்கர விட்டம் கயிற்றைப் போல நான்கு மடங்காவது இருக்கட்டும், 12 மி.மீ. கயிற்றுக்கு 5 செ.மீ. தடித்த கயிறு வாங்கக் கூடாது என்று சொல்ல இதுவும் ஒரு காரணம், அதற்கேற்ற கப்பி உங்களிடம் இருக்காது. மெல்லிய இரும்பு வளையத்தில் நேராகக் கயிற்றை ஓட்டினால் அந்த வளைவிலேயே பலம் போய்விடும்.

முடிச்சு தானே அவிழ்கிறது

கெட்டியான, வழுக்கும் பாலிப்ரொப்பிலீனில் போலைன் முடிச்சு (முனையில் இறுகாத கண் போடும் முடிச்சு) ஆடி ஆடித் தளரும். வால் முனையை ஒரு சாணுக்கு மேல் விட்டு, அதை மறுபடி ஒரு முடிச்சாகப் போட்டு அடையுங்கள். கொம்பில் கட்டும்போது கண் முடிச்சுக்குள் கயிற்றைக் கொடுத்துச் சுருக்காக்கி இறுக்கினால் பாரம் ஏற ஏற இறுகும், அதற்கு ஒரு முழம் தள்ளி ஒரு அரைச் சுற்றும் கூடப் போட்டால் வழுக்குகிற பூவரசுக் கொம்பும் நழுவாது. மாறாக முடிச்சு அவிழ்க்கவே முடியாமல் இறுகினால் கயிறு அந்த எடைக்கு மெல்லியது, அல்லது விழவிட்டுப் பிடித்திருக்கிறீர்கள். தடிமனைக் கூட்டச் சொல்கிற அறிகுறி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்: 8 மி.மீ.யில் வேலை செய்தால் 12-க்குப் போங்கள், கைப்பிடிக்கும் அதுதான் வசதி.

கையில் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது, நார் உடைந்து குத்துகிறது

வெயில் தின்ற பாலிப்ரொப்பிலீன். சரிசெய்ய முடியாது. நாகப்பட்டினம் பக்கம் படகில் ஓடி முடித்த கயிறு மலிவாகக் கிடைக்கும், அதில் இதுவும் இருக்கும், உப்புப் பரலும் இருக்கும். முறுக்கைப் பிரித்து உள்நாரைப் பாருங்கள், உள்ளே நிறம் மாறாமல் மிருதுவாக இருந்தால் நல்ல தண்ணீரில் அலசி இழுப்பு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். கூரைக்கு மேலே வேண்டாம்.

உள்நாரில் மணல் இருந்தாலும் கயிறு உள்ளிருந்தே அறுபடும். வேதாரண்யம் மணலும் சரி, காய்ந்த வண்டலும் சரி, இரண்டும் உள்ளே போகும். கயிற்றைத் தரையில் போடாமல் தார்ப்பாயில் போடுங்கள், சாதாரண சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள், பிளீச்சிங் பக்கமே போகாதீர்கள். டிராக்டர் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்தால் ஆசிட் நைலானைத் தின்னும். நெல் வைத்திருக்கும் அறையில் வைத்தால் எலி.

கயிறு இழுத்துப் பிடித்தும் மரம் சாய்கிறது

இது கயிற்றுக் கோளாறு இல்லை, வேலையே தப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. பாதி வேர் பிடித்துச் சாய்ந்து நிற்கும் ஒரு தென்னை ஒரு டன் அளவுக்குக் கூட இருக்கும். அதை 12 மி.மீ. கயிற்றில் நிறுத்திப் பிடித்து அறுக்க முடியாது. கயிற்றை அவிழ்த்துவிட்டு கிரேனையோ ஜேசிபியையோ கூப்பிடுங்கள்.

மின்கம்பி பக்கத்தில் இருந்தால் அதுவும் இப்படித்தான். எந்தக் கயிறானாலும் நனைந்தால் மின்சாரம் பாயும், பிளாஸ்டிக் என்பதால் தப்பிக்க முடியாது. மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் கயிறு போட வேண்டும்.

கழித்த கயிற்றை என்ன செய்வது

மாடு கட்டலாம், கொடி கட்டலாம், வைக்கோல் கட்டலாம். ஆனால் முதலில் இரண்டு மூன்று இடத்தில் வெட்டித் துண்டாக்கிவிடுங்கள். முழு நீளத்தில் கொட்டகையில் தொங்கினால், ஒரு நாள் நீங்கள் ஊரில் இல்லாதபோது யாராவது அதை எடுத்துக்கொண்டு மரம் ஏறுவார்கள்.